லாரி மாமாவின் ஓட்டு

ஒனெலெஹு கடற்கரையில் ஒரு கழிப்பறை வேண்டுமென்று ஊரே ஒன்றுகூடிக் கேட்டது. கேட்டவர்களில் வெஹியும் ஒருத்தி. அவள் ஓட்டுவது முதியோர் வேன். சக்கர நாற்காலிக்காரர்களைக் கடல் பார்க்க அழைத்து வந்து நிறுத்தினால், கடலைப் பார்த்த மாத்திரத்தில் யாருக்காவது அவசரம் வந்துவிடும். வேனைத் திருப்பிக்கொண்டு பெட்ரோல் பங்குவரை ஓட வேண்டும். மனுப் போட்டு, கூட்டம் போட்டு, வந்த அதிகாரிகளையெல்லாம் திட்டி, ஒருவழியாக அனுமதி வந்தது. மண் தோண்டும் இயந்திரமும் வந்தது. செப்டிக் டேங்குக்குக் குழி வெட்டிய முதல் வாரத்திலேயே, ஒரு பெண்ணும் அவள் இடுப்புக்குக் கீழே ஒரு சிசுவும் மணலுக்குள் கிடப்பது தெரிந்தது. இயந்திரத்தை அணைத்துவிட்டு ஓட்டுநர் கீழே இறங்கித் தொப்பியைக் கழற்றினான்.

எங்கள் தீவில் இது புதிதில்லை. ஹவாயில் எந்தக் கடற்கரை மணலைக் கிளறினாலும் ஆள் இருப்பார்கள். அந்தக் காலத்தில் இறந்தவர்களை மணலில் வைத்தார்கள்; மேலே கல் நடவில்லை, பெயர் எழுதவில்லை. இடம் எதுவென்று குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் தெரியும், அவர் சாவதற்கு முன் இன்னொருவருக்குச் சொல்வார். எலும்பு எதிரி கையில் கிடைத்தால் தூண்டில் முள்ளாகச் சீவிவிடுவான் என்ற பயம். இப்போது அந்த எதிரிகள் இல்லை. ஹோட்டல்காரர்கள் இருக்கிறார்கள், சாலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், கழிப்பறை கேட்கிற நாங்களும் இருக்கிறோம்.

இப்படி அடையாளமில்லாமல் கிடப்பவர்களுக்காக ஒரு சட்டம் உண்டு. நல்ல சட்டம், குறை சொல்ல முடியாது. எலும்பு தெரிந்ததும் வேலையை நிறுத்த வேண்டும். எங்கள் ஆட்களே உட்கார்ந்திருக்கும் ஒரு குழு கூடி, இருந்த இடத்திலேயே விடுவதா, எடுத்து வேறிடத்தில் வைப்பதா என்று கை தூக்கி முடிவு செய்யும். அரசாங்கம் அந்தக் குழுவுக்கு வைத்த பெயர் ஒரு முழ நீளம். ஊரில் அதற்குப் பெயர் எலும்புக் கமிட்டி. 'இவர் எங்கள் குடும்பம்' என்று யாராவது வந்து நிரூபித்தால், கமிட்டி அவர் சொல்வதற்குத்தான் முதலில் காது கொடுக்கும். ஆனால் நிரூபிப்பது என்றால் சொல்வது. யார், எங்கே, உனக்கு எப்படித் தெரியும் என்பதையெல்லாம் வாய் திறந்து சொல்வது. சொல்லாமல் காப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட ஜனங்களிடம், சொன்னால்தான் காப்பாற்றுவேன் என்கிறது சட்டம். அதை எழுதியவர்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார்கள்.

வெஹி அந்தக் கமிட்டியில் உறுப்பினர் இல்லை. ஆனால் எந்த உறுப்பினரையும்விட அதிகக் கூட்டங்களுக்குப் போனவள். வேலை முடிந்து, வேன் சீருடையைக்கூட மாற்றாமல், பின்வரிசையில் போய் உட்காருவாள். மைக்கில் பேச ஆள் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள். 'எடுக்காதே, விட்டுவிடு' என்பதுதான் அவள் எப்போதும் சொல்வது. பாதி முறை தோற்பாள். தோற்ற மறுநாளும் வேன் ஓட்டத்தான் வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியபின் கோபப்படுவதே ஒரு வேலையாகிவிட்டது அவளுக்கு. முட்டிவலியைப் போல அதையும் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

கமிட்டியில் அவளுக்கு ஆகாத ஒருவர் உண்டென்றால் அது பிலிப்போ மாமா. எழுபது வயதைத் தாண்டியவர், படகுத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒனெலெஹுவில் எது கிடைத்தாலும் 'எடுத்துடலாம்' என்றுதான் கை தூக்குவார். மற்ற ஊர்களின் எலும்புகளுக்கு அப்படி இல்லை, 'அங்கேயே இருக்கட்டும்' என்பார். சொந்த ஊர் என்றால் மட்டும் தூக்கு, ஏற்று, கொண்டு போ. அதனால் ஊரில் அவருக்கு லாரி மாமா என்று பெயர். கூட்டத்துக்குள் அவர் நுழையும்போதே பையன்கள் வாயால் ஹாரன் அடிப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய் உட்காருவார்.

போன முறை, படகுத்துறைக்கு விளக்குக் கம்பம் நட வெட்டிய பள்ளத்தில் ஒருத்தி கிடைத்தாள். அப்போதும் மாமா கை தூக்கினார். வெஹிக்குத் தாங்கவில்லை. மைக்கைப் பிடித்து, “உங்கம்மாவா இருந்தா இப்படிப் பெட்டியில போட்டு அனுப்புவீங்களா மாமா?” என்று கேட்டாள். கூட்டம் கை தட்டியது. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணை எடுத்துக்கொண்டு போய் வைத்தார்கள்.

இந்த முறை விஷயம் வேறு. குழிக்குள் கிடந்தவள் வெஹிக்குச் சொந்தம். சந்தேகமே இல்லை. வெஹிக்குப் பதினாறு வயதிருக்கும்போது அப்பா வலைவீசப் போகிற வழியில் மணலில் நின்று, எந்தப் பாறையும் எந்த சர்ச் கோபுரமும் நேர்க்கோட்டில் வருகின்றன என்று காட்டினார். “இதுக்குக் கீழ ஒருத்தி இருக்கா. பிரசவத்துல போனவ. குழந்தையும் கூடவே போச்சு, பேர் வைக்கிறதுக்குள்ள. நீதான் இனிமே பாத்துக்கணும்” என்றார். அவள் யார், எந்தக் கிளை என்பதையும் சொன்னார். அப்புறம் அதைப் பற்றிச் சாகும்வரை பேசவில்லை. வெஹியும் யாரிடமும் பேசவில்லை. கழிப்பறைக்கு இடம் குறித்து முளை அடித்தபோது, அந்த இடம் தள்ளித்தான் இருக்கிறது என்று அவள் நினைத்தாள். அலை தின்று தின்று கரையே உள்ளே வந்துவிட்டதை அவள் கணக்கில் எடுக்கவில்லை. அந்தத் தவறு தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும்.

அரசாங்கத்தின் தொல்லியல் அலுவலர் ரேச்சல் தகெமோட்டோ சின்னப் பெண். குழிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, எலும்பின் மேல் தார்ப்பாய் கட்டி, வெயிலில் காவல் இருந்தாள். வெஹி அவளிடம் போய், “எனக்கு இவங்க சொந்தம். கூட்டத்துல சொல்லப் போறேன்” என்றாள்.

“சொல்லுங்க ஆன்ட்டி, தயவுசெஞ்சு சொல்லுங்க” என்றாள் தகெமோட்டோ. “யாராச்சும் குடும்பம்னு வந்தா இவங்களை இங்கயே விட்டுடலாம். யாரும் வரலைன்னா கமிட்டி என்ன பண்ணும்னு உங்களுக்கே தெரியும்.”

வெஹியின் சித்தப்பா மகள் மொமிக்கு அன்று மாலையே விஷயம் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்தால் தீவுக்கே தெரிந்த மாதிரி.

“அக்கா, நீ பேசு. நாங்க எல்லாரும் வந்து பின்னால நிக்கிறோம். அந்த லாரி அன்னைக்கு எப்படிக் கை தூக்குதுன்னு பாத்துடலாம்!”

“கத்தாதடி. கூட்டத்துல பேசுறதை நெனச்சாலே எனக்குப் பயமா இருக்கு.”

“உனக்கா? நீ பேசாத கூட்டமா?”

“அதெல்லாம் அடுத்தவங்க வீட்டு ஆளுக்காகப் பேசினது.”

கூட்டத்துக்கு முந்தின நாள், பயணிகளை இறக்கிவிட்டு வெஹி கடற்கரைக்கு வந்தாள். வாதுமை மரத்தடியில் ஐஸ் பெட்டியின் மேல் பிலிப்போ மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். மடியில், கடற்பாசித் தாளில் சுற்றிய சோற்றுக்கட்டி.

“வா வெஹி. சாப்பிட்டியா?”

“இந்தத் தடவை கை தூக்க என்ன குடுத்தாங்க மாமா?”

“ஸ்பாம், அந்த டப்பாக் கறி, வச்ச சோறு. என் மக குடுத்தா. பாதி எடுத்துக்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது. உட்கார்ந்தாள். முட்டி இரண்டும் சேர்ந்து சத்தம் போட்டன. அவர் பாதியைப் பிட்டுக் கொடுத்தார், பசியில் வாங்கிக்கொண்டாள்.

“நாளைக்குப் பேசப் போறியாம்.”

“ஆமா. சொந்தம்னு சொல்லப் போறேன்.”

“பேசாதே.”

“ஏன், லாரிக்கு லோடு கொறஞ்சிடுமா?”

அவர் அதற்குக் கோபப்படவில்லை. மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார். “நீ பேசினா ஜெயிச்சுடுவே. அதான் எனக்குப் பயம். ஜெயிச்சா கழிப்பறையை எங்க கொண்டுபோவான்?”

“எங்கயாவது கொண்டுபோகட்டும்.”

“எங்கயாவதுன்னா எங்க? மேற்கால பூரா கரும்பாறை, கடப்பாறை இறங்காது. பின்னால ரோடு. வேண்டாம்னு சொல்லவும் முடியாது, கேட்டதே நாமதான். வரைபடத்துல ரெண்டாவது இடம்னு ஒண்ணு போட்டிருக்கான், பாத்தியா?”

ஊன்றுகோலைத் தூக்கிக் கிழக்கே காட்டினார். மணல்மேடு, அதில் சவுக்கு மரங்கள், அடியில் அடும்பங்கொடி. ஊதாப் பூக்கள் மதிய வெயிலில் சுருங்கிக் கிடந்தன.

“அங்க வெறும் மணல்தானே மாமா. போகட்டுமே.”

பிலிப்போ மாமா ஊன்றுகோலை இறக்கினார். கடலைப் பார்த்தார். கையில் இருந்த சோற்றைக் கைக்குட்டையில் சுற்றினார். வெஹி அவர் முகத்தையே பார்த்தாள். ஒருவர் தெரியாமல் சும்மா இருப்பது வேறு, தெரிந்து சும்மா இருப்பது வேறு. இரண்டாவதை அவள் பதினாறு வயதிலிருந்து பழகியவள். அது இன்னொருவர் முகத்தில் இருப்பதை இப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தாள்.

“எத்தனை பேரு?” என்று மெல்லக் கேட்டாள்.

“கேக்காதே. நான் உன் ஆளு யாருன்னு கேட்டேனா?”

கையிலிருந்த சோற்றைக் கீழே வைத்தாள். ஒனெலெஹுவில் காக்க வேண்டியது தன் ஒருத்தி மட்டும்தான் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். ஒவ்வொரு குடும்பமும் அப்படித்தான் நினைத்திருக்கும். அவரவர் ஆளை அவரவர் மூடி வைத்துக்கொண்டு, பக்கத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்றே தெரியாமல்.

“நீங்களும் சொல்லிட வேண்டியதுதானே மாமா? ரெண்டு பேரும் சொல்லுவோம். கதவைச் சாத்திட்டுப் பேச சட்டத்துல இடம் இருக்கு.”

“கதவைச் சாத்தினா ரகசியமா? உள்ள கமிட்டி முழுசா உக்காந்திருக்கும். அதுல நெலத்துக்காரங்க பக்கத்து ஆளும் இருக்கு. ஒவ்வொருத்தனுக்கும் வீட்டுல பொண்டாட்டி, பொண்டாட்டிக்குத் தங்கச்சி. எங்கப்பா காலத்துல ஒருத்தர் நல்ல மனசோட ஒரு மியூசியத்து ஆளுகிட்ட வாய விட்டார். அடுத்த வாரம் அந்த மேட்டுல பள்ளம் இருந்துச்சு. மண்டை ஓடு ரெண்டைக் காணோம்.”

“சரி, மேடு பூராவையும் விட்டுடுங்கன்னு சட்டப்படி வாங்கிடலாமே?”

“கலெபாவில வாங்கினியே, அப்புறம் என்னாச்சு?”

வெஹி தலையைக் குனிந்துகொண்டாள். கலெபா விரிகுடாவில் அவள்தான் வெற்றி பெற்றாள். கேக் வெட்டிக் கொண்டாடினார்கள். அப்புறம், காக்க வேண்டிய இடத்துக்கு எல்லை எதுவென்று தெரிய வேண்டும் என்றார்கள். எல்லை தெரியச் சுற்றிலும் சின்னச் சின்னக் குழிகள் போட்டார்கள். ஒவ்வொரு குழியிலும் ஒருவர் கிடைத்தார். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஒரு பிளாஸ்டிக் சீட்டு. கடைசியில் வேலி போட்டு, 'புனிதமான இடம், உள்ளே வராதீர்கள்' என்று பலகை வைத்தார்கள். இப்போது சுற்றுலாப் பயணிகள் அந்த வேலியில் ஈரத் துண்டைக் காயப்போடுகிறார்கள். பலகையோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

“நான் லாரிதான்” என்றார் மாமா. “ஒண்ணு மாட்டினா அதைக் குடுத்துடறேன். வாங்கிட்டுப் போயிடறான். அந்தப் பக்கம் திரும்பிப் பாக்குறதில்ல. எனக்குத் தெரிஞ்ச வழி இது ஒண்ணுதான். நல்ல வழின்னு நான் சொல்லல.”

வெஹிக்கு அப்போதுதான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “உங்க ஆளுங்களுக்காக என் ஆளைக் குடுக்கணுமா? என் வீட்டுப் பொண்ணு மாமா அவ! கைக்குழந்தையோட கிடக்கிறா! உங்களுக்கென்ன, கையைத் தூக்கிட்டுப் போயிடுவீங்க!”

“விளக்குக் கம்பத்துக்குத் தோண்டினப்ப ஒருத்தி கெடச்சாளே.”

“ஆமா. அவளையும்தான் அனுப்பினீங்க.”

“நீ கேட்டே, உங்கம்மாவா இருந்தா அனுப்புவீங்களான்னு.” அவர் குரல் மாறவே இல்லை. “அம்மா இல்ல வெஹி. அம்மாவோட அக்கா.”

வெஹிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அன்றைக்குக் கை தட்டிய கூட்டம், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்த கிழவர், மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் பெருமையாக வந்து உட்கார்ந்த தான் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்து, உடம்பெல்லாம் கூசியது.

“மாமா...”

“விடு. உனக்கு எப்படித் தெரியும்?”

கேட்கக்கூடாதென்று தெரிந்தும் கேட்டாள். “நீங்க சொல்றது நெசம்னு நான் எப்படி நம்புறது?”

“நம்ப வைக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. காட்டினா காட்டினதா ஆயிடும்.”

அவர் ஊன்றி எழுந்தார். அவருடைய பழைய பிக்அப் வண்டி சவுக்கு மரங்களுக்கு அந்தப் பக்கம் நின்றது. மேட்டின் மேல் குறுக்கே போனால் பேசிக்கொண்டே போய்விடலாம். எல்லோரும் அப்படித்தான் போவார்கள். அவர் போகவில்லை. இறங்கி, அலை நனைத்த மணல்வரை போய், ஊன்றுகோல் புதையப் புதைய, கெட்ட முட்டியை இழுத்துக்கொண்டு, மேட்டை முழுசாகச் சுற்றிக்கொண்டு போனார். வெஹி சிறுமியாக இருந்தபோதிலிருந்து அவர் அப்படிப் போவதைப் பார்த்திருக்கிறாள். கிழவருக்கு மீன் பார்க்கும் பைத்தியம் என்று ஊரில் சிரிப்பார்கள். இன்று அவர் கடலின் பக்கம் திரும்பவே இல்லை. ஐஸ் பெட்டியையும் மறந்து விட்டுவிட்டுப் போயிருந்தார். வெஹி அதை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறப்போனவள், நின்று, கீழே வைத்துவிட்டாள்.

மறுநாள் கூட்டம் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. குழந்தைகளுக்கான பெஞ்சுகள், பெரியவர்கள் முட்டியை வயிற்றில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மொமி சொன்னபடியே ஒரு பெரிய கூட்டத்தைத் திரட்டி வந்திருந்தாள், பிள்ளைகளின் கழுத்தில் பூமாலை. பிலிப்போ மாமா உள்ளே வந்தபோது ஒருவன் ஹாரன் அடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். வெஹியால் சிரிக்க முடியவில்லை.

தலைவர் அவள் பெயரைக் கூப்பிட்டார். மைக்குக்கு முன்னால் நின்றாள். இரவு முழுக்கத் தூங்காததில் கண் எரிந்தது.

“உரிமை கோரப் போறதா சொல்லியிருந்தீங்க. ஒனெலெஹுவில் கிடைச்சவங்க உங்களுக்கு என்ன உறவு?”

அப்பா காட்டிய பாறையும் கோபுரமும் கண்ணுக்குள் நேர்க்கோட்டில் வந்தன. நீதான் இனிமே பாத்துக்கணும். பாத்துக்கொள்வது என்றால் என்ன என்று அப்பா விளக்கமாகச் சொல்லவில்லை. சொந்தக்காரியைக் காப்பாற்றலாம். அதற்கு விலையாக, யாரென்றே தெரியாத ஒரு கூட்டத்தைத் தோண்டிச் சீட்டுக் கட்டச் சொல்லலாம். அது முடியவில்லை அவளால். சொந்தக்காரியை விட்டுக்கொடுப்பதும் முடியவில்லைதான். ஆனால் இரண்டில் ஒன்றைச் செய்துதான் ஆக வேண்டும்.

“உறவு எதுவும் இல்லைங்க” என்றாள்.

தகெமோட்டோ குனிந்து எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “ஆன்ட்டி, அன்னைக்கு நீங்க...”

“தப்பா நெனச்சுட்டேன்மா. வேற எடத்தை இதுன்னு நெனச்சுட்டேன். இவங்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. யாருன்னே எனக்குத் தெரியாது.”

சொல்லி முடித்தபின் வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷம் மைக்கில் பேசியதில் அவள் சொன்ன முதல் பொய் அது. இதற்குப் போய் யாரும் கை தட்டமாட்டார்கள்.

“அக்கா!” மொமி எழுந்துவிட்டாள். “என்ன சொல்றே நீ? பயமா? யாராச்சும் மெரட்டினாங்களா?”

“உக்காரு மொமி.”

“எனக்குத் தெரிஞ்சிருந்தா நானே சொல்லியிருப்பேன்! எனக்குச் சொல்லாம உனக்குத்தானே சொல்லிட்டுப் போனாரு பெரியப்பா! இதுக்குத்தானா?”

வெஹி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லிவிடுவாள். தலைவர், வேறு யாராவது உண்டா என்று கேட்டார். யாரும் இல்லை. ஓட்டெடுப்பு. கைகள் எழுந்தன. பிலிப்போ மாமா வழக்கமாக முதலில் தூக்குபவர், இன்று கடைசியாகத் தூக்கினார். பாரத்தைத் தூக்குவதுபோல மெதுவாகத்தான் எழுந்தது அந்தக் கை. எடுத்து வைப்பதென்று முடிவாயிற்று.

வெளியே வந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், “லாரிக்கு கிளீனர் கிடைச்சாச்சுடோய்” என்றது. மொமி பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளையின் மாலை அறுந்து தரையில் கிடந்தது.

“நீ யாருன்னே எனக்குத் தெரியலக்கா இப்ப” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் போன் எடுப்பதில்லை.

எடுத்தவர்களை வைப்பதற்கு மாவட்டம் ஒதுக்கிய இடம், புல்வெட்டும் இயந்திரங்கள் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. கம்பி வேலி, பெட்ரோல் வாடை. விளக்குக் கம்பத்துப் பள்ளத்தில் கிடைத்தவளையும் இங்கேதான் வைத்திருந்தார்கள். குடும்பம் என்று யாராவது வந்திருந்தால் அவர்களே கழுவி, சுற்றி, வைத்திருப்பார்கள். யாரும் வராததால் கமிட்டியின் சார்பில் பிலிப்போ மாமா செய்தார். தாழை ஓலையில் அவரே கூடை முடைந்து கொண்டுவந்திருந்தார். பெண்ணை மரப்பட்டைத் துணியில் சுற்றினார். சிசுவைத் தனியாகச் சுற்றாமல், அவள் மேலேயே வைத்துச் சேர்த்துச் சுற்றினார். உப்புத் தண்ணீர் தெளித்தார். தகெமோட்டோ இருந்தாள், குழி தோண்டிய இரண்டு வேலையாட்கள் இருந்தார்கள். வெஹி பொதுமக்களில் ஒருத்தியாக, வேன் சீருடையில், தள்ளி நின்றாள். தொடுவதற்கு அவளுக்கு உரிமை இல்லை. அவளே இல்லையென்று சொன்ன உரிமை அது.

புதிதாக வைக்கும்போது இறந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இந்த இடத்துக்கு வந்திருக்கிறாய் என்று தெரிவிப்பது முறை. தெரிவிக்காவிட்டால் பழைய இடத்தையே தேடிக்கொண்டு அலைவார்கள். மாமா கூடையை இறக்கிவிட்டு, குழியின் ஓரத்தில் மண்டியிட்டார்.

“இங்க வந்திருக்கிறவங்க பேரைச் சொல்லணும்” என்றார், யாரையும் பார்க்காமல். “முழுப் பேரு. யாரு வந்தாங்கன்னு இவங்களுக்குத் தெரியணும்.”

அப்படியொரு முறை கிடையாது. ஆனால் தகெமோட்டோவுக்கு அது எப்படித் தெரியும்? “ரேச்சல் மிச்சிகோ தகெமோட்டோ” என்றாள் பணிவாக. வேலையாட்களும் தங்கள் பெயரைச் சொன்னார்கள்.

“நீ?” என்றார் மாமா.

“வெஹி.”

“அது கூப்பிடுற பேரு. அப்பா வச்ச பேரைச் சொல்லு.”

வெஹிக்குப் புரிந்தது. மணலில் இருப்பவரின் பெயரை, அவரைக் காக்கப்போகிற பிள்ளைக்கு வைப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். அவர் குடும்பத்திலும் அதுவே வழக்கமாக இருக்க வேண்டும். கல்லில் எழுதாத பெயர் ஒரு வாயிலாவது இருக்கட்டும் என்று செய்தது. மொமிக்குத் தெரியாது, கமிட்டிக்குத் தெரியாது. குழிக்குள் இருப்பவளுக்குத் தெரியும்.

“கௌலுவெஹியொகலாமா” என்றாள். குரல் உடைந்தது. இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னாள். “கௌலுவெஹியொகலாமா.”

பிலிப்போ மாமா தலையை ஆட்டினார். குழிக்குள் குனிந்து, அந்தப் பெயரை ஓர் எழுத்தும் விடாமல் திருப்பிச் சொன்னார்.

“கௌலுவெஹியொகலாமா. உன்னை இங்க கொண்டுவந்துட்டோம்மா. கோவிச்சுக்காதே. பக்கத்துல எங்க பெரியம்மா இருக்கா, துணைக்கு. குழந்தையோட இங்கயே இரு.”

பெயர் மட்டும் தெளிவாகக் கேட்க, அவர் வெஹியைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, தகெமோட்டோ ஒதுங்கி அவளுக்கு வழி விட்டாள்.

“சரி மாமா” என்றாள் வெஹி.